மாற்று நிலையத்துக்கான பெட்ரோல்

அந்தச் சின்ன விமானக் கம்பெனியில் அவளுக்குப் பல்லி என்று பேர். கெட்டதை முன்கூட்டியே கத்துவாளாம். பேர் வைத்தவன் அவள் புருஷன். அவனும் அங்கே பைலட்தான்.

அன்று காலைப் பயணத்துக்கான திட்டத்தை அவள்தான் போட்டாள். போகிற ஊரில் மேகம் தரையைத் தொடுகிற மாதிரி கவிந்திருந்தது. கருவிகளைப் பார்த்தே குறிப்பிட்ட உயரம் வரை இறங்கலாம். அதற்குள் ஓடுதளம் கண்ணில் படாவிட்டால், மேலே ஏறி மாற்றாகக் குறித்துவைத்த வேறொரு விமான நிலையத்துக்குப் போயாக வேண்டும். அதற்கும் பெட்ரோல் வேண்டும், அதற்கு மேல் முக்கால் மணி நேரத்துக்கும் கையிருப்பு வேண்டும். அவ்வளவும் நிரப்பினால் மூன்று பயணிகளின் எடையை விமானம் தாங்காது.

"ஒருத்தரை இறக்கணும். இல்லன்னா நடுவுல எங்கயாவது இறங்கி பெட்ரோல் போட்டுக்கணும்," என்றாள்.

பயணிகள் ஒரு அம்மா, மகன், மகள். மகனுக்கு மறுநாள் கல்யாணம்.

"மாப்பிள்ளையை இறக்கவா, மாப்பிள்ளையோட அம்மாவை இறக்கவா?" என்று முதலாளி சிரித்தார்.

"அப்ப நான் ஓட்டல."

முதலாளி அவள் புருஷனைப் பார்த்தார். அவன் பேனாவை எடுத்து, அவள் எழுதியிருந்த தூரத்து மாற்று நிலையத்தை அடித்துவிட்டுப் பக்கத்து நிலையத்தை எழுதினான். பெட்ரோல் கணக்கு சரியாகிவிட்டது.

"அங்கயும் இதே மேகம்தாங்க."

"நீ வீட்டுக்குப் போய் அடுப்பைப் பாரு," என்றான், பயணிகள் காதில் விழும்படி. மூவரும் சிரித்தார்கள். அந்த அம்மாதான் அதிகம் சிரித்தார்.

விமானத்தை அவனே ஓட்டிப் போனான். போன ஊரில் இரண்டு முறை இறங்கிப் பார்த்தான். ஓடுதளம் தெரியவில்லை. பக்கத்து நிலையத்திலும் அதே கதை. பெட்ரோல் தீர்ந்து விமானம் வயலில் விழுந்தது. அந்த அம்மா அங்கேயே போய்விட்டார். மகளுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது. மகன் கையொடிந்து தப்பினான். அவள் புருஷனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"திட்டம் உன் கையெழுத்துலதானே இருக்கு? மாத்தினதும் நீதான்னு சொல்லிடு. உனக்கு லைசென்ஸ் போகும், அவ்வளவுதான். இல்லன்னா நான் ஜெயிலுக்குப் போகணும்டி."

"கால் வலிக்குதான்னு கேக்கலாம்னு வந்தேன்," என்றாள்.

"வலிக்குது. சொல்லுவியா?"

அவள் கையை உருவிக்கொண்டு கதவைத் திறந்தாள். எதிர் அறையில் கைக்கட்டோடு அந்த அம்மாவின் மகன் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க. அந்தத் தாளை மாத்தினது யாருன்னு இவர் உங்ககிட்ட சொல்லணுமாம்."

"ஏய், வேணாம். அவனைக் கூப்பிடாத," என்று புருஷன் கெஞ்சினான். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மகன் உள்ளே போனதும் அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

விசாரணையிலும் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். முதலாளி கம்பெனியை மூடினார். மாமியார் மண்ணை வாரித் தூற்றினார்: "நொண்டியானவனைக் காட்டிக் குடுத்துட்டியேடி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இல்ல அத்தை," என்றாள்.

அதன்பிறகு அவள் அவனைப் பார்க்கப் போகவேயில்லை.