முக்கால் அங்குலம்

"நின்னா மூச்சு முட்டுது மாஸ்டர். உக்காந்தா பட்டன் தெறிச்சு எதிர்ல இருக்கறவன் கண்ணுல பட்டுடும்" என்றார் செக்யூரிட்டி. எதிர்க் கட்டடத்தின் வாசலில் நிற்பவர். புதிய கருநீலப் பேன்ட்டின் மேல் பட்டனைப் போடாமல், சட்டையை வெளியே இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார்.

அந்த வாரம் இப்படித் திரும்பி வந்த மூன்றாவது பேன்ட் அது. மூன்றும் ஒரே ஆர்டர். மாதம் பிறந்த அன்று காலை பன்னிரண்டு செக்யூரிட்டிகள் வரிசையில் நிற்க, மாஸ்டரே அளவெடுத்து, மாஸ்டரே வெட்டியவை.

"சத்தியமா நான் குண்டாகல. டூட்டில நின்னு நின்னு கால்தான் வீங்குது, இடுப்பு வீங்கல."

"மாஸ்டர் மேல தப்பு இல்லண்ணே" என்றாள் தையல் மெஷினில் இருந்தவள், தலையைத் தூக்காமல். "அவரு இளைச்சதுல இருந்து உலகத்துல எல்லாருமே இளைச்சுட்டாங்கன்னு நெனச்சு வெட்டறாரு."

செக்யூரிட்டி சிரித்தார். மாஸ்டரும் சிரித்துவைத்தார். சிரிக்கும்போது நெஞ்சுக் குழியில் காலையில் குடித்த கஞ்சி இன்னும் நின்றுகொண்டிருப்பது போல் இருந்தது. இரண்டு மாதமாக அப்படித்தான். விழுங்குவது கீழே போகாமல் ஓரிடத்தில் நின்று யோசிக்கிறது, பிறகு எரிச்சலாகத் திரும்பி வருகிறது. வியாழக்கிழமை தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று செவ்வாய்.

பதினான்கு மாதத்துக்கு முன் அவருடைய வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த அறுவைக்கு ஸ்லீவ் என்று பெயர் என டாக்டர் சொன்னபோது, இரைப்பையைச் சட்டைக்கை மாதிரி நீளமாக, ஒடுக்கமாக ஆக்குவது என்று படம் போட்டுக் காட்டியபோது, மாஸ்டர் கேட்டார்: "ஹாஃப் ஸ்லீவா, ஃபுல் ஸ்லீவா டாக்டர்?" டாக்டர் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஐம்பத்து நான்கு அங்குல இடுப்பு பத்தாவது மாதத்தில் முப்பத்தெட்டில் வந்து நின்றது. இனி இப்படியே இருக்கும், பெரிதாக இறங்காது என்றார்கள். வாடிக்கையாளர்களின் போனில் அவர் பெயர் இன்னும் 'குண்டு மாஸ்டர்'தான். புதிதாக வருகிறவர்கள் கடை வாசலில் நின்று அவரிடமே "குண்டு மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்பார்கள்.

அறுவைக்குப் போனது அழகுக்காக அல்ல, அண்ணனால். ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன் ஒரு பேன்ட்டோடு கடைக்கு வந்தார், தொளதொளத்த இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி. "என்னண்ணே, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்டு ஓர் அங்குலம் பிடித்துக் கொடுத்தார். "வாக்கிங் போறேன்டா குண்டா. நீயும் வந்து நட" என்றார் அண்ணன். இரண்டு மாதத்தில் அதே பேன்ட் மறுபடி வந்தது. மூன்றாம் முறை பிடித்தபோது பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. அதைத் தூக்கிக் காட்டிக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆறு வாரம் கழித்து, கணையத்தில் புற்று, பரவிவிட்டது என்று ஸ்கேன் சொன்னது. ஓர் உடம்பு கரைவதை உலகத்தில் முதலில் பார்த்தவர் தான்தான், டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர், பார்த்துவிட்டுக் கேலி பேசியவர் என்பதை மாஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை. அதிக எடையும் சில புற்றுகளுக்கு வழி திறந்துவிடும் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னபோது மறுபேச்சில்லாமல் அறுவைக்குப் படுத்துவிட்டார். அன்றைக்குக் குண்டைப் பார்த்துப் பயம். இப்போது இளைப்பைப் பார்த்துப் பயம். வெட்டி வாங்கிய இளைப்பும் தானாக வரும் இளைப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டையும் பார்த்து ஜனங்கள் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "சூப்பரா ஆயிட்டீங்க."

எடை மெஷினில் அவர் ஏறுவதில்லை. அது ஆளுக்குத் தகுந்தபடி பேசும் என்பார். மாதம் பிறந்ததும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு டேப்பால் தன் இடுப்பை அளப்பார். முப்பத்தெட்டாக இருந்தது மூன்று மாதத்தில் முப்பத்தேழரை, முப்பத்தேழேகால், முப்பத்தேழு. மனைவியிடம் சொல்லவில்லை.

செக்யூரிட்டி திரைக்குப் பின்னால் போய், கையோடு கொண்டுவந்திருந்த பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு, புதியதை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாஸ்டர் தையலைப் பிரிக்கும் முன் அதன் இடுப்பை இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்த அளவுதான், நூல் பிசகவில்லை. அப்படியானால் வெட்டில் தப்பில்லை. அளவில் தப்பு. கை நடுங்குகிறதா? கண்ணா? ஏதோ தோன்றி, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து ஸ்கேலின் மேல் நீட்டிவைத்தார். ஸ்கேல் துணியில் கோடு போட; டேப் ஆளை அளக்க. இரண்டையும் அவர் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. டேப்பில் முப்பத்தாறு இருந்த இடத்தில் ஸ்கேலில் முப்பத்தாறே முக்கால் இருந்தது.

மறுபடி வைத்தார். முக்கால் அங்குலம்.

மூன்று மாதத்துக்கு முன் பழைய டேப் நுனி கிழிந்ததென்று வாங்கியது. தினமும் இஸ்திரி மேசைக்கு மேல் ஆணியில் தொங்கி, ஆவி பட்டுப் பட்டு நீண்டிருக்கிறது. நீண்ட டேப் எல்லோரையும் ஒல்லியாகக் காட்டும்.

"ஏம்மா!" என்று கத்தினார். மெஷின் நின்றது. "டேப்பு நீண்டுடுச்சும்மா! நான் இல்ல, டேப்பு!"

"அதுக்கு ஏன் மாஸ்டர் இப்படிச் சிரிக்கிறீங்க? பன்னெண்டு பேன்ட்டு தளர்த்தணும்."

"நூத்திருபது கொண்டாரச் சொல்லு, தளர்த்துறேன்."

மனைவிக்குப் போன் செய்தார். மூன்று மாதமாக மறைத்ததை முதலில் சொல்லி, அதற்கு அவள் வாயைத் திறக்கும் முன் டேப் விஷயத்தைச் சொன்னார். "அப்ப நான் இறங்கவே இல்ல. அப்படியேதான் இருக்கேன். வியாழக்கிழமை எதுக்கு வீணா? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடு."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் நிற்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, டேப்பு நீண்டா தொண்டையில சோறு நிக்குமா?"

"நிக்குதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு வாய்க்கு ஒரு தடவ எந்திரிச்சுப் போய் ஜன்னலைப் பாக்குறீங்க. ஜன்னல்ல என்ன தெரியுது?"

"நீ எதுக்கெடுத்தாலும்..." என்று ஆரம்பித்து, வாடிக்கையாளர் வந்துவிட்டதாகப் பொய் சொல்லி வைத்துவிட்டார்.

ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. செக்யூரிட்டியின் பேன்ட்டைப் பிரித்துக்கொண்டே, பல வருடமாக வாயில் வராத ஒரு மெட்டை முனகினார். பன்னிரண்டு பேரும் பாவம். எல்லோருடையதும் இறுக்கமாகத்தான் இருக்கும், இருந்தே ஆகவேண்டும். அன்று காலை அந்த டேப்பால் அளந்த யாருடைய பேன்ட்டும் இறுக்காமல் இருக்க வழியில்லை.

கை நின்றது.

அன்று காலை அந்த டேப்பால் பதின்மூன்று பேரை அளந்திருந்தார். பன்னிரண்டு பேர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அளந்த பதின்மூன்றாவது ஆளுக்கு முப்பத்தேழு என்று வந்தது. துணி மிச்சமிருந்ததால் அந்த முப்பத்தேழுக்கே ஒரு பேன்ட்டை வெட்டித் தைத்து, இதோ, இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார். அதே டேப், அதே ஸ்கேல், அதே கருநீலத் துணி. கணக்குப்படி இதுவும் வயிற்றைக் கவ்விப் பிடிக்கவேண்டும், பட்டன் தெறிக்கவேண்டும்.

பெல்ட்டைத் தளர்த்தினார். இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டார். ஒரு விரல் தாராளமாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதை அவர் விட்டுப் பார்க்கவில்லை.

"என்ன மாஸ்டர், பாட்டு நின்னுபோச்சு?" என்றாள் மெஷின்காரி.

"ஊசி குத்திடுச்சு" என்றார்.

கடைக்குப் பின்னால் பெட்டியில் பிரிக்காத புது டேப் ஒன்று இருந்தது. செவ்வாய் முழுக்க அதை எடுக்கவில்லை. புதன்கிழமை அந்தப் பக்கமே போகாமல், திரும்பி வந்த பேன்ட்களை எல்லாம் கண் மதிப்பாகவே தளர்த்தினார். வீட்டில் மனைவி வியாழக்கிழமையை ரத்து செய்யவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு பையில் போட்டுக் கதவருகில் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை நர்ஸ் அவரை எடை மெஷினில் ஏறச் சொன்னாள். ஏறி, எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைக் காட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் குனிந்து பார்த்தாள், எழுதினாள், போன தடவை எழுதியிருந்ததை ஒருமுறை புரட்டினாள். மனைவி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நாள் அமிலம் எரிச்சா உள் தோல் சில பேருக்கு மாறும். அதத்தான் பாக்கப்போறோம்" என்று டாக்டர் வந்து சொன்னார். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. சந்தேகமா இருந்தா துளியூண்டு சதை எடுத்து அனுப்புவோம்." இளைப்பைப் பற்றிக் கேட்க மாஸ்டர் வாயெடுத்தார். டாக்டரின் போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே உள்ளே போனார்.

உடை மாற்றும் மறைப்புக்குள் பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்து, இடுப்பில் இரண்டு நாடாக்கள். பழக்கதோஷத்தில் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டியது. மடித்தடிக்காத விளிம்பில் நூல் பிரிந்து தொங்கியது.

"திரும்புங்க" என்றாள் மனைவி.

முதுகைக் காட்டி நின்றார். அவள் நாடாக்களை இழுத்து முதுகில் முடிச்சுப் போடப் பார்த்தாள். துணி இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தது. முடிச்சைப் போடாமல் நாடாக்களை முன்பக்கம் கொண்டுவந்தாள். அங்கேயும் சந்தித்துவிட்டு நீளம் மிச்சமிருந்தது. மறுபடி பின்னால் கொண்டுபோனாள்.

"இறுக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வெளியே யாரோ அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாடாவின் நுனிகளை விடாமல், அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.