எந்தப் பத்து மணி?

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாது. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் மாற்றப் போன இடத்தில், கடைக்கார அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"மூணாம் நாள் ஓடையைக் காலைலயே தாண்டிடுவேன்டீ. மத்தியானம் ஆனா தண்ணி ஏறிடுமாம்."

கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டதால் எனக்கு எதிரே யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை. காது மட்டும் படு கூர்மையாக வேலை செய்தது.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

'மலைகளுக்கு எல்லை தெரியாது...' (வேண்டாம். மேடையில் மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.)

'பதினோரு வருடமாக அவள் ஒரே ஒரு முகத்தை' (இங்கேயே கைக்குட்டையைத் தேடினேன். நிறுத்திவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அக்காவின் தங்கை மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கொஞ்ச நாளில் எல்லையை மூடிவிட்டார்கள். பதினோரு வருடம் ஆயிற்று. இந்த வருடம்தான், உச்சியில் எல்லைக்கல் நிற்கும் இடம்வரை இரண்டு பக்கத்தாரும் நடந்து வரலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு நாலு நாள் நடை, தங்கைக்கு மூன்று நாள். நடுவில் வேலி. ஆளுக்குக் கால் மணி நேரம்தான் நிற்கலாம். அதற்குமேல் காவலர்கள் இறக்கி அனுப்பிவிடுவார்கள்.

3

கடையில், கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்குக் கீழே மலை வரைபடம் ஒட்டியிருந்தது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளையில் அக்கா பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். தங்கை இரவு தங்கும் இடங்களாம், போனில் கேட்டுக் குறித்தவை.

புது மலைச்செருப்பு காலைக் கடிக்கக் கூடாது என்று ஒரு மாதமாகக் கல்லாவுக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டேதான் வியாபாரம். மேலே பளிச்சென்று சேலை, கீழே தடித் தடியாய்த் தோல் பூட்ஸ்.

"வீடியோவுல தினம் பாக்கறீங்களே அக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"அதுல மூஞ்சி தெரியுது சார். ஆளு தெரியலையே!"

நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும், லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "எழுதுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா கதையில எங்களைச் சேத்து வச்சிடாதீங்க. அதை நாங்க பாத்துக்கறோம்."

4

தங்கையை நான் பார்த்ததே இல்லை. பாதிப் பேச்சைக் கேட்டு ஒரு முழு மனுஷியை உண்டாக்கும் அளவுக்கு நான் கெட்டிக்காரனா என்பதே சந்தேகம். கையில் இருப்பது அக்கா சொன்ன ஒரே ஒரு விஷயம்:

"ரெண்டு பேருக்கும் ஒரே குடைன்னா அவ தெப்பமா நனைஞ்சுட்டு வருவா. கேட்டா, மழையே இல்லையேம்பா."

(இங்கே ஒரு குறிப்பு. அந்தப் பக்கத்துக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தியது; நமக்கு ஒன்பதரை என்றால் அங்கே பத்து. கதைக்கு இது தேவைப்படாது என்று நினைத்திருந்தேன்.)

சந்திப்பு நாலாம் நாள் காலை பத்து மணிக்கு. கடைசியாக நான் போனபோது அக்கா கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அவ டைமுக்கு மாத்திட்டேன் சார். பத்துன்னா அவ பத்துதான். எப்பவும் அவதானே எனக்கு விட்டுக்கொடுப்பா? இந்தத் தடவை நான். அவகிட்ட மூச்சு விடலை, சொன்னா வேணாம்னு ஒத்தக் கால்ல நிப்பா."

அடடா என்று உருகிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

5

இன்று காலை தங்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கை தன் பாட்டுக்கு ஓடியது:

'புறப்படும்முன் அவள் கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினாள். அக்கா பத்து என்றால் அக்காவின் பத்துதான்.'

எழுதி முடித்து, ஆஹா என்று ஒரு வாய் காபியும் குடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஐயையோ! அக்கா நம் ஒன்பதரைக்கே போய் நிற்பார். ஒன்பதே முக்காலுக்கு இறக்கிவிடுவார்கள். தங்கை நம் பத்துக்கு வந்து சேர்வாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கடைக்கு ஓடினேன். பூட்டு. 'ஒரு வாரம் கடை இல்லை' என்று அட்டை. அக்கா நேற்றே கிளம்பிவிட்டார். மலையில் போன் எடுக்காது. தங்கையின் எண் என்னிடம் இல்லை.

6

நான் எழுதியதுதானே, அடித்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். 'தங்கை கடிகாரத்தைத் தொடவில்லை' என்று மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. குடையை அக்காவிடம் தள்ளிவிட்டு நனைகிறவள் கடிகாரத்தைத் தொடாமல் இருப்பாளா? சேர்த்து வைக்கவும் எனக்கு உரிமை இல்லை, அக்கா சொல்லிவிட்டார். ஆனால் பிரித்து வைக்க மனசு வரவில்லையே.

நான் உண்டாக்கிய தங்கை வேறு, நிஜத் தங்கை வேறாக இருக்கலாம். அந்த நிஜத் தங்கை இன்றுதான் புறப்படுகிறாள். இந்நேரம் பையைக் கட்டிக்கொண்டிருப்பாள். தாயே, உன் நல்ல குணமெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஒரே ஒரு தடவை மட்டும் அக்காவுக்கு விட்டுக்கொடுக்காதே.

அந்த வரியை அடித்துவிட்டு இடம் விட்டிருக்கிறேன். படிக்கிற நீங்கள் நிரப்புங்கள், கொஞ்சம் சீக்கிரமாக:

புறப்படும்முன் தங்கை கடிகாரத்தை ____________