நாடறிந்த பஸ் ஸ்டாப்

நாட்டுச் செய்தி முடிந்ததும் எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் செய்தி வாசிப்பது என் வேலை. நேற்று தலைமை நிலையத்தில் யாரோ தவறான பொத்தானை அழுத்த, என் முகம் நாடு முழுவதும் போய்விட்டது.

"மேடம், மொத்த நாடும் உங்களைத்தான் பாக்குது" என்று பாதியில் தயாரிப்பாளர் என் காதுக்கருவியில் பதறினார். நான் அசரவில்லை. "சந்தைத் தெரு பஸ் ஸ்டாப் நாளை முதல் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றப்படுகிறது" என்று கணீரென்று வாசித்து முடித்தேன். வீட்டில் கணவருக்கு ஒரே பெருமை.

இன்று காலை சந்தைத் தெரு ஸ்டாப்பில் வழக்கம்போல் நின்று, வராத பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியும் கையுமாக ஒரு வெளியூர்க்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஸ்டாப்ப இந்தப் பக்கம் மாத்திட்டாங்கம்மா. நீங்க நியூஸே பாக்கறதில்லையா?"