நீலத் துணி மூடிய தட்டு

“இந்த ஆணி தாங்குமாக்கா?” என்று கேட்டபடி நர்ஸ் சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். மகள் ஸ்டூலில் ஏறி, ஆணியில் தொங்கிய இசைத்தட்டு உறையைக் கழற்றினாள். கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே ஆணி அதுதான். மற்ற சுவர்களை அப்பாவின் தட்டு அலமாரிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

“தாங்கும். அப்பா அடிச்ச ஆணி. லிஃப்டையே தொங்கவிடலாம்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே பாட்டிலை மாட்டினாள். மகளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த உறை ஒரு தட்டின் கனமாக இல்லை. சாய்த்ததும் உள்ளிருந்து இரண்டு தட்டுகள் வழுக்கி வந்து அவள் மார்பில் முட்டின. ஒன்று பேண்டு வாத்தியத் தட்டு. அது அங்கே இருக்க வேண்டியதுதான். இன்னொன்றின் நடுவில், பெயர் அச்சிட்ட காகிதத்தை மறைத்தபடி, வட்டமாக வெட்டிய நீலத் துணி ஒட்டியிருந்தது.

டெய்லர் மாமாவின் துணி.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அப்பா கண்மூடிக் கிடந்தார். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறு சத்தம். சில சமயம் இரண்டும் இல்லாமல் ஒரு இடைவெளி விழும். அப்போதெல்லாம் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பிரார்த்தனை முணுமுணுப்பும் நின்றுவிடும். மூச்சு திரும்பியதும் அதுவும் திரும்பும்.

“இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்மா” என்று டாக்டர் காலையில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகுதான் மகள் மொட்டைமாடிக்குப் போய், அம்மாவுக்குத் தெரியாமல், டெய்லருக்குப் போன் செய்தாள். இரண்டு நாளாக அப்பாவின் உதடு ‘டெய்லர்’ என்ற ஒரு வார்த்தையைத்தான் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டெய்லர் கேட்டுக்கொண்டார். ‘ம்’ மட்டும் சொன்னார். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

வராமல் இருந்துவிட்டால் நல்லது என்று இப்போது தோன்றியது.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலு பேர் இந்த அறையில் கூடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, டெய்லர், மருந்துக்கடைக்காரர், கண்ணாடிக்கடைக்காரர். நாலு பேருக்கும் ஒரே பித்து, சோல் ஜாஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் இசை. அதிலும் கைக்குக் கட்டையும் காலுக்கு மிதிக்கட்டையும் உள்ள ஆர்கனை வாசிப்பவர்கள். அதிலும் யாருக்கும் பெயர் தெரியாதவர்கள். ஏதோ சின்னக் கம்பெனிக்கு ஒரே ஒரு தட்டு வாசித்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் மதுக்கடை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டவர்கள்.

“பேர் எடுத்தவனைக் கேக்க உலகமே இருக்கு. இவனைக் கேக்க நம்மள விட்டா நாதி கிடையாது” என்பார் அப்பா. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் போலத்தான் தட்டை உறையிலிருந்து எடுப்பார்.

ஒருவர் தட்டைப் போட வேண்டும், வாசிப்பது யாரென்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் விளையாட்டு. பெயரை மறைப்பதற்காக டெய்லர் நீல லைனிங் துணியில் வட்டங்கள் வெட்டி வைத்திருந்தார். நடுவில் ஓட்டை. நூலுக்குத் தேய்க்கிற மெழுகை ஓரத்தில் நாலு பொட்டு வைத்து ஒட்டுவார். துணியைப் போட்டவர் மட்டுமே அதை எடுக்கலாம். வேறு யார் தொட்டாலும் மெழுகு விட்டுப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். தோற்றவருக்குத் தண்டனையும் உண்டு. டெய்லர் அப்பாவுக்குக் கேலிப் பரிசாகக் கொடுத்த பேண்டு வாத்தியத் தட்டை ஒரு பக்கம் முழுக்கக் கேட்க வேண்டும். விளையாடும்போது அதைக் கழற்றிக் கீழே வைப்பார்கள், மற்ற நேரங்களில் ஆணியில் தொங்கும்.

கடைசி ஞாயிறன்று டெய்லர் கொண்டுவந்தது அவரிடமிருந்ததிலேயே அரிய தட்டு. ஆளைக் கண்டுபிடிக்கும் முன்பே சண்டை வந்துவிட்டது. கீழே தாளம்போல ஓடுகிற கனத்த பேஸ் சுருதியை அந்த ஆள் இடது கையால் வாசிக்கிறான் என்றார் டெய்லர். இடது காலால் மிதிக்கிறான் என்றார் அப்பா. “கையி!” “காலுடா!” என்று இருவரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இருட்டில் தடவித் தடவி எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மறுநாள் டெய்லர் தன் உறையைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை.

தெருவில் வைத்துக் கேட்டார், மற்ற இருவருக்கும் முன்னால். “கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா. எதுக்குத் திருடினே?”

அப்பா திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து அலமாரிகளிலிருந்த ஒவ்வொரு உறையையும் பிரித்துப் பார்த்தார். அதன் பிறகு ரெக்கார்டு பிளேயரை ஒரு துண்டு போட்டு மூடினார். அந்தத் துண்டு இன்றுவரை அங்கேயே கிடந்தது.

அப்பாவா? மகள் துண்டையும் கையிலிருந்த தட்டையும் பார்த்தாள். எல்லார் கண்ணுக்கும் முன்னால், சுவரிலேயே மாட்டி வைத்துக்கொண்டா? இத்தனை வருஷம் எங்கள் எல்லாரையும் நம்ப வைத்துவிட்டா? அப்படி நினைத்ததற்காகவே தன்னை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. இரண்டு தட்டுகளையும் உறைக்குள் தள்ளி, பீரோவில் மடித்து வைத்திருந்த போர்வைகளுக்கு அடியில் செருகினாள்.

வாசல் மணி அடித்தது.

அவள் போவதற்குள் அம்மா போய்விட்டாள்.

“இப்ப எதுக்கு வந்தீங்க?” அம்மாவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “திருடன் வீட்ல இன்னும் என்ன காணோம் உங்களுக்கு?”

“அண்ணி…”

“அப்படிக் கூப்பிடாதீங்க.”

டெய்லர் படியில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் அளவு நாடா. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். கையில் காகிதப் பொட்டலம். அதை நீட்டியபடி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருவரையும் பார்த்தார்.

“சட்டை. கையைத் தூக்காமலே மாட்டலாம். ட்ரிப்ஸ் ஏத்தறதால சட்டை மாத்த முடியலன்னு பாப்பா போன்ல சொல்லிச்சு. அதான், தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும் பட்டன் வெச்சிருக்கேன்.”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். “நீ கூப்ட்டியா?”

மகள் தலையை மட்டும் அசைத்தாள்.

அம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். வெளுத்த மெல்லிய பருத்தித் துணி. தோளில் இருந்த அழுத்துப் பட்டனை விரலால் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உடம்பில் உறுத்தாமலிருக்க ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் சின்னத் துணி வைத்துத் தைத்திருந்தது.

“செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க” என்றாள்.

நர்ஸும் டெய்லரும் சேர்ந்து சட்டையை மாட்டினார்கள். அது அப்பாவின் மேல் தளர்ந்து விழுந்தது. இன்னொரு ஆளும் உள்ளே படுக்கலாம்.

“பழைய அளவு” என்றார் டெய்லர். “மனசுல இருந்த அளவுக்கு வெட்டிட்டேன்.”

“லூசா இருந்தா நல்லதுதான் அங்கிள்” என்றாள் நர்ஸ்.

அப்பா கண்ணைத் திறந்தார். பார்வை டெய்லரின் முகத்தில் ஒட்டுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அங்கிருந்து நகர்ந்து, துண்டு மூடிய பிளேயரில் போய் நின்றது.

“என்னடா, கேக்கணுமா? எதாவது போடவா?” டெய்லர் அவசரமாகச் சொன்னார். பேச ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. “தோத்தவனுக்குப் பேண்டு. சரியா?” என்று சிரிக்கப் பார்த்து, சுவரை நிமிர்ந்து பார்த்தார். ஆணியில் சலைன் பாட்டில் தொங்கியது.

“பேண்டு எங்க பாப்பா?”

மகளின் கண் பீரோவுக்குப் போனது. தூக்கிப் போட்டாயிற்று என்று சொன்னால் போதும். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பயம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை, கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தால் அப்பா திருடனாகவே போய்விடுவார். எடுக்காவிட்டால் அவர் கையைக் கடைசியாகப் பிடிக்கும்போது தன் கையில் ஒரு பொய் இருக்கும். கால்மாட்டில் அம்மாவின் முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று கேட்கவில்லை. யாருக்காகவோ எதையோ விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

பீரோவைத் திறந்தாள்.

“உள்ள இன்னொன்னும் இருந்துச்சு மாமா. இப்பத்தான் பாத்தேன்.”

டெய்லர் தட்டை விளிம்பில் வாங்கினார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவர் ஜன்னலுக்குப் போய்த் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நீலத் துணியின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லச் சுற்றி வந்தார். ஒரு பொட்டில் நின்றார், அடுத்ததில் நின்றார். நாலும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“மாமா, அப்பா…” என்றாள் மகள்.

“மெழுகு விடல” என்றார்.

“என்னது?”

“நான் ஒட்டின மெழுகு, அப்படியே இருக்கு. இதை வெளிய எடுத்தவன் யாராயிருந்தாலும் பேரைப் பாக்காம விட்டிருப்பானா? யாரும் தொடவே இல்ல பாப்பா.” அவர் குரல் இறங்கியது. “கரண்ட் போனப்ப தட்டு என் கையிலதான் இருந்துச்சு. இருட்டுல கைக்குக் கிடைச்ச உறையில விட்டிருக்கேன்.”

“மறுநாள் பெருக்கறப்ப இந்தப் பேண்டு உறை கீழ கிடந்துச்சு.” அம்மாவின் கை வாய்க்குப் போனது. “நான்தான் எடுத்து மாட்டினேன். அவரு அலமாரியெல்லாம் பிரிச்சாரு, சுவத்தைப் பாக்கல. நானும் சொல்லல. பேண்டு தட்டுதானேன்னு…”

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பாதம் சில்லென்று இருந்தது. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

டெய்லர் துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிளேயர் உடனே சுற்றவில்லை. விரலால் மெல்லத் தள்ளிவிட்டார். திக்கித் திணறி, பிறகு சீராகச் சுற்றத் தொடங்கியது. துணியை அவர் எடுக்கவில்லை.

“யாருன்னு இவன் இன்னும் சொல்லலையே” என்றார், நர்ஸிடம் விளக்குவதுபோல.

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் ஆர்கன் வந்தது. யாரோ வேலை முடித்துப் படியேறி வருவதுபோல, அவசரமில்லாமல். பின்னால் கிட்டார் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கனத்த சுருதி ஒரே சீராக நடந்தது. அம்மா மறுபடி உட்கார்ந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். டெய்லர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முன்பெல்லாம் உட்காரும் அதே இடம்.

மகளின் உள்ளங்கைக்குள் ஏதோ அசைந்தது. அவள் கையை விலக்கினாள். அப்பாவின் இடது கால் பெருவிரல். இறங்கியது, ஏறியது. கீழே நடக்கும் சுருதியோடு சேர்ந்து, கொஞ்சம் பிந்தி, ஆனால் தப்பாமல்.

டெய்லர் அதைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு முழங்காலால் நகர்ந்து கட்டிலருகே வந்து, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“காலுதான்டா” என்றார். “நீ சொன்னதுதான்.”

அப்பாவின் உதடு ஓரம் ஒதுங்கியது. சிரிப்பாக இருக்கலாம்.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. அதன் நடுவில் எங்கேயோ அம்மாவின் முணுமுணுப்பு நின்றது. மகள் அது திரும்புவதற்காகக் காத்திருந்தாள். ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் குனிந்து மணிக்கட்டைத் தொட்டாள், பிறகு கழுத்தை. நிமிர்ந்து பிளேயரின் பக்கம் கையை நீட்டினாள். டெய்லர் வேண்டாம் என்று தலையசைத்தார். தட்டின் அந்தப் பக்கம் முடியும் வரை யாரும் எழவில்லை.

முடிந்த பிறகு முள் வெற்றுப் பள்ளத்தில் சுற்றிச் சுற்றித் தட்டியது. டெய்லர் அதைத் தூக்கி வைத்தார். தட்டை எடுத்து, அளவு நாடாவின் நுனி அதில் படாமல் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, சட்டை முனையால் துடைத்தார். பேண்டு வாத்தியத் தட்டு இருந்த அதே உறைக்குள், அதற்குப் பக்கத்தில், நீலத் துணியோடு இறக்கினார்.

“மாமா, அது உங்களுது” என்றாள் மகள்.

நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டுச் சலைன் பாட்டிலைக் கழற்றினாள். ஆணி காலியானது. டெய்லர் ஸ்டூலில் ஏறி உறையை அதில் மாட்டினார். இறங்கி நின்று பார்த்தார். ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அம்மா எழுந்து வந்து அதை நேராக்கினாள்.