தலையணையில் கை வைக்காதே

என் தங்கை கல் படித்தவள். கல்லூரியில் படித்தவள் என்று சொல்ல வந்து எனக்கு நாக்கு குழறிவிட்டதாக நினைக்க வேண்டாம். கல்லைத்தான் படித்தாள். மலைச்சரிவில் ஆராய்ச்சி என்று ஒரு வாரத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவள், மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்த பிறகும் நடு அறையில் மூட்டை மூட்டையாகக் கற்களோடு குடியிருந்தாள். என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி முனகுவார்.

"உன் தங்கச்சி எப்போ கிளம்புறா?"

"உங்க ரோடு முடியிறப்போ."

அவர் சாலை ஒப்பந்தக்காரர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையைச் செதுக்கிச் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் வேலை முடிக்கும் லட்சணம் தெரிந்ததால் எனக்குக் கவலையே இல்லை. உள்ளதைச் சொன்னால், அவள் போகவே கூடாது என்றுதான் எனக்கு ஆசை. இந்த மனிதர் வாயைத் திறந்தால் ஜல்லி, விட்டால் தார். தங்கை வந்த பிறகுதான் இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

வில்லங்கம் அந்தச் சரிவில் இருந்த ஒரு பாறைக் குவியலால் வந்தது. பாசி படிந்து, உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அது ஒரு காலத்தில் கடலின் தரை என்பது தங்கையின் கட்சி. ஆற்றில் உருண்டு வந்த கற்கள் என்பது கனிமத் துறையின் கட்சி. அதிகாரி அம்மா நேரில் வந்து பார்த்து ஆற்றுக்கல்தான் என்று எழுதிவிட்டால் பாறை மேல் சாலை போகும். ஆராய்ச்சிக்கு மூடுவிழா. தங்கை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"கடல் எப்படிடி மலை ஏறும்?" என்று கேட்டேன்.

அவள் பாயை விரித்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "கடல்தரை கனமானது அக்கா. நிலத்துல வந்து முட்டுனா இப்படித்தான் கீழ போயிடும்." பாயும் சமர்த்தாக உள்ளே போயிற்று. "ஆனா எப்பவாவது..." மறுபடி தள்ளினாள். இந்த முறை பாயின் ஓரம் சட்டத்தில் தட்டி மடங்கி மெத்தை மேல் ஏறிக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து என் துணிப்பெட்டியை இழுத்து வந்து அதன்மேல் நெருக்கினாள். "அந்தப் பக்கத்து நிலமும் வந்து மோதுனா, நடுவுல மாட்டுனது மலையோட மலையா மேல போயிடும். கோடிக்கணக்கான வருஷம் அங்கேயே கிடக்கும்."

வாசலில் நின்றிருந்த என்னவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கீழ போக வேண்டியது மேல ஏறி உட்கார்ந்துக்கிச்சு, திரும்பிப் போகவும் மாட்டேங்குது. புரியுது, நல்லாவே புரியுது."

அதிகாரி அம்மா வரும் நாளன்று, அவரை அழைத்துவரத் தங்கை டவுனுக்குப் போனாள். மதியம் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு நடுவே போன் செய்தாள்.

"அக்கா! அத்தான் போன் எடுக்கல. நாங்க வர்ற வரைக்கும் தலையணைல கை வைக்கக் கூடாதுன்னு உடனே சொல்லிடு. கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லு!" லைன் அறுந்துவிட்டது.

எனக்கு ஒரே குஷி. மதியம் சாலை வேலை ஷெட்டில் ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் என்னவருக்கு உலகம் ஓடாது. அன்று அவருடைய தலையணையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். மனிதர் காலையில் சத்தம் காட்டாமல் மச்சினியின் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று அவருக்குப் போன் போட்டேன். என் போனை எடுக்காமல் இருக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

"அவ தலையணைல கை வச்சீங்களாமே? பஸ் ஸ்டாண்ட்ல உட்கார்ந்து ஓன்னு அழுவுறா!" கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் சொன்னேன்.

"ஐயையோ, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பொக்லைன் ஓட்டுகிறவரிடம், "நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன், நீ மேல வெட்டிக்கிட்டே போ," என்று சொல்லிவிட்டு ஓடி வந்தார். தலையணையைத் தட்டி உப்பவைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "நான் தலை வச்சதே தெரியலல்ல?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் டமார் என்று ஒரு சத்தம்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பொக்லைன் இடித்துப் பாறைக் குவியலில் பாதி பிளந்து கிடந்தது. அதே நேரத்தில் தங்கையும் அதிகாரி அம்மாவும் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள்.

"அக்கா, தலையணைல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"அதைத்தானடி சொன்னேன். அவரும் பத்திரமா கொண்டுவந்து வச்சிட்டாரே."

"எதை?"

"உன் தலையணையை."

அவள் அந்தப் பாறையைக் கை காட்டினாள். "உப்பலா இருக்கிற இந்த மாதிரி பாறைக்குத்தான் அக்கா தலையணைன்னு பேரு." அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மசாலா சேர்த்த வாயை என்ன செய்தால் தகும்? என்னவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி அம்மா எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பிளந்த கல்லின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்தார். கல்லைச் சுற்றி விரல் பருமனுக்குக் கரும்பச்சையாக ஒரு ஓரம் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரம் வரை விரிசல்கள் ஓடின. ஒவ்வொரு உருண்டையும் கீழே இருந்த இரண்டுக்கும் நடுவில் அமுங்கிப் பதிந்திருந்தது.

"ஆத்துல உருண்ட கல்லுக்குத் தோல் ஏது?" என்றார். "இது கடலடியில எரிமலை கக்குன குழம்பு. தண்ணி பட்டதும் வெளிப்பக்கம் கண்ணாடியா உறைஞ்சிருக்கு, உள்ள இளக்கமா இருக்கும்போதே அமுங்கியிருக்கு. நீ சொன்னது சரிதாம்மா. இதை ஏன் முன்னாடியே உடைச்சுக் காட்டல?"

"மனசு வரல மேடம்," என்றாள் தங்கை. சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள்.

"யார் உடைச்சது?"

என்னவர் தொண்டையைச் செருமினார். "நம்ம ஏற்பாடுதான் மேடம்."

மீதிப் பாறை அப்படியே இருக்க வேண்டும், சாலை வளைந்து போக வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. இந்தச் சரிவு முழுவதையும் தங்கைதான் அளந்து வரைய வேண்டுமாம்.

"எவ்வளவு நாள் ஆகும் மேடம்?" என்றார் என்னவர்.

"ரெண்டு மூணு வருஷம். தங்க இடம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம், நடு ரூம்," என்றேன் நான் முந்திக்கொண்டு.

சாயங்காலம் அவர் கடைத்தெருவுக்குப் போய், கவர் பிரிக்காத புதுத் தலையணை ஒன்றோடு திரும்பி வந்தார். தனக்குத்தான் என்று நினைத்தேன். நேரே நடு அறைக்குப் போய் மச்சினியிடம் நீட்டினார்.

"இனிமே இங்கதான இருக்கப் போற, இதை வச்சுக்க. உன் பழைய தலையணை கல்லு மாதிரி இருக்கு. நான்தான் படுத்துப் பார்த்தேனே."