மூலைத் தூண்

பிரகதீஸ்வரி தம்பி சோலையப்பனுக்கு வாய்க்கரிசி போட்டு நிமிர்ந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. அறந்தாங்கிக்கு வெளியே அவன் சூப்பர்வைசராக இருந்த முந்திரி ஆலையின் பெண்கள் இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முந்திரித் தோல் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் கண்ணாத்தாள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ஜினியரம்மா, நீங்க ஒட்ட வச்ச இரும்புதாம்மா எங்கள நிப்பாட்டுச்சு. இருபத்திமூணு பேரும்மா. அண்ணனத்தான் விட்டுட்டோம்.”

அது இரும்புத் தூண்களில் நிற்கும் மாடிக் கட்டடம். மேலே மூட்டைகள், கீழே முந்திரி உடைக்கும் பெண்கள். ஒரு தூண் போனால் அதன் பாரத்தைப் பக்கத்துத் தூண்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக முழுக் கட்டடமும் உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் உத்திரமும் தூணும் சேரும் இடமெல்லாம் கனத்த தகடு வைத்துப் பற்றவைக்கச் செய்திருந்தாள் பிரகதீஸ்வரி. நேற்றுக் காலை பின்பக்கமாக வந்த லாரி மூலைத் தூணை இடித்தது. அந்த மூலை மட்டும் விழுந்தது. மற்றதெல்லாம் நின்றது.

இரண்டு பக்கம் தூண் இல்லாததால் மூலைக்குத் தனியாக ஒரு தாங்கல் கொடுக்க வேண்டியிருந்தது. வெல்டிங் ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பியபோது, “அங்க வெறும் சாக்குதானே கெடக்கு, வந்து பாத்துக்கலாம்” என்று அனுப்பிவைத்தவள் அவள்தான். இரண்டு நாள் கழித்துத் தம்பி போனில், வறுக்கிற புகையில் இருமல் தாங்கவில்லை என்றான்.

“மூலைல ஜன்னல் இருக்குல்லடா, மேசைய அங்கிட்டு போட்டுக்க.”

சொன்னபோது அந்தத் தூண் அவள் நினைவிலேயே இல்லை.

தலைமாட்டில் பாயில் இருந்த தம்பி மனைவி சத்யா, கண்ணாத்தாளிடம் தேய்ந்த குரலில் சொன்னாள். “அண்ணிதான் காத்தோட்டமா எடம் பாத்துக் குடுத்தாங்க. ஒரு வாரமா அவருக்கு இருமலே இல்ல.”

பிரகதீஸ்வரி கைகளை விடுவித்துக்கொண்டாள்.

“சத்யா, அந்த மூலைக்கு நான் வேல முடிக்கல. மத்ததுக்கெல்லாம் முடிச்சேன், அதுக்கு மட்டும் அப்பறம்னு விட்டுட்டேன். மறந்துபோயி அவன அங்க ஒக்கார வச்சுட்டேன்.”

கண்ணாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே யாரோ, “நேரமாச்சுல்ல, தூக்கிரலாமா?” என்று கேட்டார்.

சத்யா பிரகதீஸ்வரியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்தாள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடந்தது.

பிரகதீஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள்.