பத்தாவது ஆளுக்கு இடம்

1

இதைத் தொடங்கும்போது அவர் இறந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகிறது. என் இடது தோள் இன்னும் வலிக்கிறது. கதை அங்கிருந்துதான் வந்தது.

முதல் தொடக்கம்: "மணிலாவின் மாலை நெரிசலில்…" இல்லை. ஊர் பார்க்க வந்தவர் எழுதியது போல இருக்கிறது.

இரண்டாவது: "ஜீப்னியில் ஒரு பிணம்…" இதுவும் இல்லை. நாங்கள் யாரும் பிணத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தூங்குவதைப் பார்த்தோம்.

2

கியாப்போவிலிருந்து ஃபேர்வியூ போகும் ஜீப்னி. எதிரெதிராக இரண்டு நீளப் பெஞ்சு, ஒன்றுக்கு ஒன்பது பேர். எங்கள் பெஞ்சில் ஓட்டுநர் பத்தாவது ஆளை ஏற்றினார்.

"இன்னும் ஒருத்தருக்கு இடமிருக்கு. தள்ளிக்குங்க. மிச்ச எலும்பை மடிச்சு மடியில வெச்சுக்குங்க."

"முதல்ல உன் தொப்பைய மடிண்ணே," என்றார் மீன் பையோடு இருந்த அக்கா.

சிரித்தோம். பெஞ்சு முழுவதும் ஒன்றாகக் குலுங்கியது. ஏறிய பெரியவரும் சிரித்தார். எனக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது.

"உங்கப்பாவா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. யாருன்னே தெரியாது."

"இருக்கட்டும், அசையாத. பாவம், அசந்துட்டாரு."

அசையவில்லை.*

* வேறு என்ன செய்வது? தூங்குகிறவரின் தலையைத் தள்ளிவிட்டால் வண்டியே என்னைத் திரும்பிப் பார்த்திருக்கும்.

(பையில் மீன் இருந்ததா என்பது நிச்சயமில்லை. மீனை நான் போட்டேன். மற்றதெல்லாம் நடந்தது.)

3

பின்னால் ஏறியவர்களின் கட்டணச் சில்லறை கை மாறிக் கை மாறி, அவர் மார்புக்கு முன்னால் ஓட்டுநரிடம் போனது. மீதி அதே வழியில் திரும்பி வந்தது. அவர் மேல் விரல் படாமல் கொடுத்தோம், எழுந்துவிடக் கூடாதென்று.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் திரும்பினார். "ஐயா, ஃபேர்வியூ வந்தாச்சு. மிச்சத் தூக்கத்தை வீட்டுல போய்த் தூங்குங்க."

நான் தோளை மெதுவாக விலக்கினேன். அவர் தலை

இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதினேன். முடியவில்லை.

ஆய்வகத்தில் வெப்பம் அளப்பதுதான் என் வேலை. உயிர் போன உடல் உடனே குளிராது. இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியிருந்தால் இன்னும் மெதுவாகத்தான் குளிரும். அவரைக் குளிரவிடாமல் வைத்திருந்தது நாங்கள்தான். அன்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை எழுதவில்லை. ஓட்டுநரிடமும் போலீஸிடமும் கூடச் சொல்லவில்லை.

4

இன்று காலை அதே ஜீப்னி, அதே ஓட்டுநர். அவர் துக்க வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். பெரியவரின் பெயர் இசித்ரோ. மனைவி ரொசெண்டா.

"வர்றவங்க எல்லார்ட்டயும் அந்தம்மா ஒண்ணேதான் கேக்குது. கூட யாராச்சும் இருந்தாங்களான்னு. இருவது பேர் இருந்தாங்கம்மான்னேன். யாருக்கும் தெரியாமப் போச்சே, அதுக்குப் பேரு கூட இருக்கிறதான்னு அழுவுது. நீ போய்ச் சொல்லு, பாப்பா. உன் தோளுதான அது."

ரொசெண்டாவை நான் பார்த்ததில்லை. ஒல்லியான, ஓரமாக உட்கார்ந்து அழும் பெண்ணாக எழுதினேன். நம்ப முடியவில்லை. அடித்துவிட்டேன்.

ஒரு முடிவு: நான் போகவில்லை. தன் கணவர் தனியாகச் செத்தார் என்றே அவர் கடைசி வரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு முடிவு: போகிறேன். "தூங்கிட்டிருந்தாரும்மா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்கிறேன். காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

மூன்றாவதை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது.

5

இசித்ரோ வீட்டுச் சந்து முழுக்க நாற்காலிகள், துக்கத்துக்குக் கண்விழிப்பவர்களின் சீட்டாட்டம், பிள்ளைகள். சவப்பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த பருத்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"தள்ளிக்குங்கடா. புள்ள நிக்குது பாரு."

ஏழு பேரும் இடுப்பை நகர்த்தினார்கள். அவருக்கு அருகில் இடம் வந்தது. உட்கார்ந்தேன். அவர் தோள் என் இடது தோளில் அழுந்தியது. வலித்தது. அசையவில்லை.

"பிஸ்கட் எடுத்துக்க. யாரு வீட்டுப் பொண்ணு நீ? எங்க வீட்டுக்காரரை எப்படித் தெரியும்?"

கேட்டபோதுதான் அவர் ரொசெண்டா என்று தெரிந்தது.

"ஜீப்னிலம்மா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப இடமும் இல்லை.

"கூட யாராச்சும் இருந்தாங்களா?"

நான் சொன்னதும் அவர் முகம் என்ன ஆனது, என் கையைப் பிடித்தாரா, எழுந்து போனாரா என்று எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் வந்த நீங்களும் இந்தப் பெஞ்சில்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நீங்களே பாருங்கள். நான் சொன்னது இதுதான்:

"பில்கோவா நிறுத்தம் வரைக்கும் அவரு மூச்சு என் கழுத்துல சூடாப் பட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. அங்க ஒரு பெரிய மூச்சு விட்டாரு. அதுக்கப்புறம் படல. நல்லாத் தூங்கிட்டாருன்னு நெனச்சு, தலை சரியாம இருக்கட்டும்னு தோளைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கிட்டேன்."